‘டிஸ்டர்ப்’ என்ற ஆங்கில வினையை இத்தாலிய மொழியில் பெயர்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

இத்தாலியம் படிக்கத் தொடங்குபவர்கள் முதல் மாதத்திலேயே ‘திஸ்துர்பாரே’ என்ற வினையைப் பிடித்துக்கொள்வார்கள். ‘டிஸ்டர்ப்’ போலவே ஒலிப்பதால் பொருளும் ஒன்றுதான் என்ற நம்பிக்கை. பாதி இடங்களில் அந்த நம்பிக்கை காப்பாற்றும். மீதிப் பாதியில், கேட்பவர் ஒரு நொடி தயங்கி உங்களை உற்றுப் பார்ப்பார். இந்த வழிகாட்டி அந்த மீதிப் பாதிக்காக.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆங்கில வாக்கியம் முழுதாக வேண்டும். வினையை மட்டும் அகராதியில் தேடினால் ஏழெட்டு இத்தாலியச் சொற்கள் வரிசையாக வரும். அவற்றில் எது உங்களுக்குரியது என்று அகராதி சொல்லாது. பெரும்பாலானோர் முதலில் இருப்பதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அடுத்து, ஒருமொழி அகராதி ஒன்று. ட்ரெக்கானி அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இருமொழி அகராதி சொல்லைக் கொடுக்கும். அந்தச் சொல் எந்தப் பெயர்ச்சொல்லோடு சேர்ந்து வரும் என்பதை ஒருமொழி அகராதியின் எடுத்துக்காட்டுகள்தான் காட்டும்.

மூன்றாவது, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்ற விவரம். இது இல்லாமல் கட்டளை வாக்கியம் ஒன்றைக்கூடச் சரியாக எழுத முடியாது. ஏன் என்பது ஏழாம் பகுதியில்.

எழுத்துப்பெயர்ப்பு பற்றி ஒரு வார்த்தை: இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். எங்கே அழுத்தம் விழுகிறதோ அங்கே பெரும்பாலும் நெடில் போட்டிருக்கிறேன். அதனால்தான் ‘திஸ்துர்பாரே’ என்று எழுதும் நான், ‘திஸ்தூர்போ’ என்றும் எழுதுகிறேன்.

2. எது கலைகிறது என்று பாருங்கள்

முதல் வேலை, வினையை விட்டுவிட்டுச் செயப்படுபொருளைப் பார்ப்பது. ஆங்கிலத்தில் ஒரே வினை நான்கு வேலைகளைச் செய்கிறது: ஒருவரின் வேலையிலோ ஓய்விலோ குறுக்கிடுவது, மனத்தைக் கலக்குவது, பொருள்களை இடம் மாற்றுவது, ஓர் ஒழுங்கையோ அமைதியையோ குலைப்பது. இத்தாலியம் இந்த நான்கையும் பிரித்து வைத்திருக்கிறது.

செயப்படுபொருள் மனிதரா, மனமா, பொருளா, அமைதியா என்று வாக்கியத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மனிதர் என்றால் இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது: கலைந்தது அவருடைய வேலையா, உள்ளமா? இதைக் கேட்காமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

3. முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்

ஆங்கிலத்திலிருந்து நேரே இத்தாலியத்துக்குத் தாவாதீர்கள். நடுவில் தமிழைக் கடந்து போங்கள். சுற்றுவழி போலத் தெரியும். எனக்கு இதுதான் குறுக்குவழியாக இருந்தது.

காரணம் எளிது. இத்தாலியம் பிரிக்கும் அந்த வேறுபாடுகளைத் தமிழும் பிரிக்கிறது. தொந்தரவு செய்தல், கலக்குதல், கலைத்தல், குலைத்தல் என்று நம்மிடம் தனித்தனி வினைகள் உண்டு. அன்றாடப் பேச்சில் ‘டிஸ்டர்ப்’ என்ற ஒற்றைச் சொல்லால் இவை எல்லாவற்றையும் மூடிவிட்டோம். மூடியைத் திறந்தால் போதும்.

தோராயமான கணக்கு இது. ‘தொந்தரவு’ என்று வாயில் வந்தால் திஸ்துர்பாரே. ‘மனம் கலங்கியது’ என்று வந்தால் துர்பாரே. ‘தாள்களைக் கலைத்துவிட்டான்’ என்றால் ஸ்போஸ்தாரே, அல்லது அதன் உறவுக்காரச் சொற்களில் ஒன்று. ‘எரிச்சலாக இருக்கிறது’ என்றால் தாரே ஃபஸ்தீதியோ.

ஓரிடத்தில் தமிழும் வழுக்கும். ‘தூக்கத்தைக் கலைத்தான்’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ஆள் விழித்தே விட்டார் என்றால் அது ஸ்வெல்யாரே, அதாவது எழுப்புதல். புரண்டு புரண்டு படுத்தார், ஆனால் முழுக்க விழிக்கவில்லை என்றால் மட்டும் தூக்கத்தைச் செயப்படுபொருளாக வைத்து திஸ்துர்பாரே என்று சொல்லலாம். உறங்குகிற நாயை எழுப்பாதே என்ற இத்தாலியப் பழமொழியில்கூட வருவது ஸ்வெல்யாரேதான்: ‘நோன் ஸ்வெல்யாரே இல் கான் கே தோர்மே.’

4. தொந்தரவு என்றால்: இரண்டாம் வேற்றுமையா, நான்காம் வேற்றுமையா?

இந்தப் பகுதியில்தான் நிதானம் வேண்டும். வேலையிலோ ஓய்விலோ குறுக்கிடுவதற்கு இரண்டு வழிகள் அன்றாடம் புழங்குகின்றன: திஸ்துர்பாரே என்ற ஒற்றை வினை, ‘தாரே ஃபஸ்தீதியோ’ என்ற தொடர். தாரே என்றால் கொடுத்தல், ஃபஸ்தீதியோ என்றால் தொல்லை அல்லது எரிச்சல்.

பொருளில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். இலக்கணத்தில் வெகு தூரம். திஸ்துர்பாரே இரண்டாம் வேற்றுமை கேட்கும்: அவனைத் தொந்தரவு செய்தேன். தாரே ஃபஸ்தீதியோ நான்காம் வேற்றுமை கேட்கும்: அவனுக்குத் தொல்லை கொடுத்தேன். தமிழ் ‘ஐ’யும் ‘கு’வும் அப்படியே பொருந்துவதால், இந்த இடத்தில் நமக்கு ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களைவிட வேலை சுலபம்.

பிறகு ஏன் தவறு வருகிறது? ‘என்னை’ என்பதும் ‘எனக்கு’ என்பதும் இத்தாலியத்தில் ஒரே வடிவம்: மி. ‘உன்னை’, ‘உனக்கு’ இரண்டும் தி. ‘மி திஸ்தூர்பா’ என்றாலும் ‘மி தா ஃபஸ்தீதியோ’ என்றாலும் மி மாறுவதில்லை. மூன்று மாதம் இப்படியே பேசிப் பழகியவருக்கு வேற்றுமை என்ற ஒன்று இருப்பதே மறந்துபோகும். படர்க்கைக்கு வந்ததும் அது எதிரே வந்து நிற்கும்.

படர்க்கையில் ‘அவனை’ என்பதற்கு லொ, ‘அவளை’ என்பதற்கு லா. ‘அவனுக்கு’ என்பதற்கு ல்யி, ‘அவளுக்கு’ என்பதற்கு லெ. ஆகவே ‘லொ திஸ்தூர்பா’ சரி, ‘ல்யி தா ஃபஸ்தீதியோ’ சரி. ‘ல்யி திஸ்தூர்பா’ தவறு; ‘லொ தா ஃபஸ்தீதியோ’வும் தவறு. நான் திருத்திய பயிற்சித் தாள்களில் அடிக்கடி சிவப்பு மை பட்ட இடம் இதுதான்.

இறந்த காலத்தில் இந்தத் தவறு இன்னொரு தவறைக் கூட்டி வரும். லொ, லா முன்னால் வந்தால் எச்ச வடிவம் பால் காட்டியாக வேண்டும். ‘அவளைத் தொந்தரவு செய்தேன்’ என்பது ‘லோ திஸ்துர்பாதா’. லா என்பதும் துணைவினையான ஓ என்பதும் ஒட்டி ‘லோ’ ஆகிவிட்டன. அவள் பெண் என்பதை இறுதியில் இருக்கும் ‘தா’தான் சொல்கிறது. ‘அவளுக்குத் தொல்லை கொடுத்தேன்’ என்பது ‘லெ ஓ தாதோ ஃபஸ்தீதியோ’. இதில் தாதோ மாறாது. வேற்றுமையை முதலில் முடிவு செய்யச் சொல்வது இதனால்தான். பின்னால் வரும் விகுதி அதைப் பொறுத்தது.

எதை எப்போது தேர்வது? குறுக்கிடுவது ஒரு மனிதர், அதுவும் கெட்ட எண்ணம் இல்லாமல் என்றால் திஸ்துர்பாரே நயமாக இருக்கும். புகை, வெளிச்சம், ஓசை, ஒருவரின் பழக்கம் போன்றவை எரிச்சலூட்டினால் தாரே ஃபஸ்தீதியோ இயல்பாக வரும். ‘புகை உங்களுக்குத் தொல்லையாக இருக்கிறதா?’ என்பது ‘லெ தா ஃபஸ்தீதியோ இல் ஃபூமோ?’ (மரியாதைக்குரிய ஒருவரிடம் சொல்லும் ‘உங்களுக்கு’ என்பதும் ‘அவளுக்கு’ போலவே லெ; காரணம் ஏழாம் பகுதியில்.) இதே வேரில் இன்ஃபஸ்திதீரே என்ற ஒற்றை வினையும் உண்டு. அது இரண்டாம் வேற்றுமை கேட்கும். எழுத்தில் அதிகம் வரும்.

பேசிக்கொண்டிருப்பவரை இடைமறிப்பது மட்டும்தான் பொருள் என்றால், சுற்றி வளைக்காமல் இன்தெர்ரோம்பெரே என்று சொல்லிவிடுங்கள்.

5. மனம் கலங்கினால்

இங்கே திஸ்துர்பாரேயைக் கீழே வைத்துவிட வேண்டும். மனத்தின் அமைதி குலைவதற்கு உரிய வினை துர்பாரே. ‘அந்தச் செய்தி என்னைக் கலக்கியது’ என்பது ‘லா நொதீத்ஸியா மி ஆ துர்பாதோ’. இதைவிட இயல்பாகப் புழங்குவது ‘சோனோ ரிமாஸ்தோ துர்பாதோ’, அதாவது கலங்கிப்போனேன். பேசுபவர் பெண் என்றால் ரிமாஸ்தா, துர்பாதா.

கலக்கம் என்ற அளவைத் தாண்டி, நிலைகுலைந்து போனால் ஸ்கொன்வோல்ஜெரே. ஒரு மரணச் செய்திக்கு இது பொருந்தும். தேர்வு தள்ளிப்போனதற்கு இதைப் போட்டால் கேட்பவர் சிரிப்பார்.

இந்தப் பகுதியின் பெரிய பள்ளம் ‘திஸ்துர்பாதோ’. ஆங்கிலத்தில் ‘நான் டிஸ்டர்ப் ஆகியிருக்கிறேன்’ என்பதை அப்படியே மாற்றி ‘சோனோ திஸ்துர்பாதோ’ என்று எழுதினால், மனநலம் சரியில்லாதவர் என்று உங்களையே அறிமுகப்படுத்திக்கொள்கிறீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு முறை, நண்பர் ஒருவர் அனுப்பிய சோகச் செய்திக்குப் பதிலாக இதே இரண்டு சொற்களை எழுதி அனுப்பினேன். தன் துயரத்தை மறந்து அவர் என்னை நலம் விசாரித்தார்.

‘டிஸ்டர்பிங்’ என்ற பெயரடைக்கும் இதே எச்சரிக்கை. மனத்தில் ஒரு நடுக்கத்தை விட்டுப்போகும் படத்தை ‘இன்குவியெதாந்தே’ என்பார்கள். உலுக்கிப் போட்டுவிட்டது என்றால் ‘ஸ்கொன்வொல்ஜேந்தே’. ‘திஸ்துர்பாந்தே’ என்ற சொல்லும் விமர்சனக் கட்டுரைகளில் கண்ணில் படும். புதியவர் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஆங்கிலத்திலிருந்து வந்த வாடை அதில் அடிக்கும்.

6. பொருள்கள் கலைந்தால்

மேசையில் இருக்கும் தாள்களை டிஸ்டர்ப் செய்யாதே என்று ஆங்கிலம் சொல்லும். இத்தாலியத்தில் தாள்களைத் தொந்தரவு செய்ய முடியாது. உயிருள்ளவர்களையும் அவர்களுடைய வேலை, தூக்கம் போன்றவற்றையும்தான் முடியும். அதனால் உண்மையில் என்ன நடக்கிறது என்று கேட்டு, அதற்குரிய வினையைப் போட வேண்டும்.

இடம் மாறினால் ஸ்போஸ்தாரே. தொடவே கூடாது என்றால் தொக்காரே. அடுக்கி வைத்தது தாறுமாறானால் ‘மேத்தெரே இன் திஸோர்தினே’. காற்று தலைமுடியைக் கலைத்தால் ஸ்கொம்பில்யாரே. அடியில் தங்கிய சேறு எழும்பி நீர் கலங்கினால் இன்தொர்பிதீரே. நமக்கு நீரும் மனமும் ஒரே ‘கலங்கு’தான், அவர்களுக்கு இரண்டு வேறு வினைகள். குற்றம் நடந்த இடத்தின் தடயங்களை மாற்றிவிடுவது அல்தெராரே.

இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘என்ன ஆனது?’ என்று தமிழில் கேட்டுப் பழகினால் சொல் தானே வரும்.

7. மரியாதையை முடிவு செய்யுங்கள்

தமிழில் நீ, நீங்கள் போல இத்தாலியத்தில் தூ, லெய். லெய் என்பதன் வினை வடிவம் படர்க்கை ஒருமையுடையது. ‘அவள்’ என்பதன் வடிவத்தில் எதிரே இருப்பவரை மரியாதையாக அழைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ‘திஸ்தூர்பி’ என்ற வடிவத்தைப் பாருங்கள். தூ என்ற ஆளுக்கு இது நிகழ்காலம்: நீ தொந்தரவு செய்கிறாய். லெய் என்ற ஆளுக்கு இதே வடிவம் கட்டளை: தொந்தரவு செய்யுங்கள். முன்னால் ‘நோன்’ என்ற எதிர்மறையைச் சேர்த்தால், நண்பனிடம் ‘நோன் திஸ்தூர்பி’ என்பது ‘நீ தொந்தரவு செய்யவில்லை, உள்ளே வா’ என்ற வரவேற்பு. அறிமுகமில்லாத பெரியவரிடம் அதே இரு சொற்கள் ‘தொந்தரவு செய்யாதீர்கள்’ என்ற விலக்கு. வாசலில் தயங்கி நிற்கும் பெரியவரை வரவேற்க நினைத்து இதைச் சொல்லி, அவரைத் திருப்பி அனுப்பியே விடலாம்! அவரிடம் சொல்ல வேண்டியது ‘நோன் திஸ்தூர்பா’.

நண்பனிடம் ‘தொந்தரவு செய்யாதே’ என்று சொல்ல வேண்டுமானால் முழு வினைப்பெயரையே போட வேண்டும்: ‘நோன் திஸ்துர்பாரே’. எதிர்மறைக் கட்டளையில் தூ என்ற ஆளுக்கு மட்டும் உள்ள விதி இது. விடுதி அறைக் கதவில் தொங்கும் அட்டையிலும் இதே ‘நோன் திஸ்துர்பாரே’தான் இருக்கும். அங்கே அது யாரையும் ஒருமையில் அழைக்கவில்லை. பொது அறிவிப்புகளும் வினைப்பெயரில்தான் வரும். இன்னும் பணிவாக என்றால் ‘சி ப்ரேகா தி நோன் திஸ்துர்பாரே’.

கட்டளைகளைவிட அதிகம் பயன்படுவது, இந்த வினையைச் சுற்றி வளர்ந்த உபசார மொழி. கதவைத் தட்டிவிட்டுத் தலையை நீட்டி ‘திஸ்தூர்போ?’ என்று ஒரே சொல்லில் கேட்பார்கள்: தொந்தரவு செய்கிறேனா? அதற்குப் பதில் ‘சி ஃபிகூரி’, நண்பர் என்றால் ‘ஃபிகூரதி’. அதெல்லாம் ஒன்றுமில்லை என்று பொருள். தொலைபேசியில் ‘ஸ்கூசி இல் திஸ்தூர்போ’, தொந்தரவுக்கு மன்னியுங்கள்.

விடைபெறும்போது ‘தோல்கோ இல் திஸ்தூர்போ’ என்பது உண்டு. தொந்தரவை அகற்றுகிறேன், அதாவது என்னையே அகற்றிக்கொள்கிறேன் என்று அர்த்தம். பரிசு கொண்டுவந்தவரிடம் ‘நோன் தொவேவா திஸ்துர்பார்சி’, இதெல்லாம் எதற்கு, சிரமப்பட்டிருக்க வேண்டாமே. உங்களுக்காக எழ முயல்பவரிடம் ‘நோன் சி திஸ்தூர்பி’, நீங்கள் சிரமப்பட வேண்டாம். இந்தத் தொடர்களில் தமிழ் நிகர் தொந்தரவு அல்ல, சிரமம். அதைப் பிடித்துக்கொண்டால் ‘சி’ என்ற தற்சுட்டு ஏன் வருகிறது என்பதும் விளங்கிவிடும்: தனக்குத் தானே சிரமம் கொடுத்துக்கொள்வது.

8. அமைதி, உடல், சட்டம்

வினையைவிட ‘திஸ்தூர்போ’ என்ற பெயர்ச்சொல்லை இங்கே அதிகம் சந்திப்பீர்கள். மருத்துவத்தில் அதற்குக் கோளாறு என்று பொருள்: ‘திஸ்தூர்போ தெல் சோன்னோ’ என்றால் தூக்கக் கோளாறு. வானொலியில் இரைச்சல் குறுக்கிட்டால் அதுவும் பன்மையில் ‘திஸ்தூர்பி’.

இத்தாலியக் குற்றவியல் சட்டத்தின் 659ஆம் பிரிவு, கூச்சலாலும் இரைச்சலாலும் பிறரின் வேலையையோ ஓய்வையோ கெடுப்பதைப் பற்றியது. அதன் தலைப்பே திஸ்தூர்போ என்றுதான் தொடங்குகிறது. பேச்சில் இதை ‘திஸ்தூர்போ தெல்லா குவியேதே பூப்ளிகா’ என்பார்கள். அடுத்த 660ஆம் பிரிவின் தலைப்பில் ‘மொலேஸ்தியா’வும் திஸ்தூர்போவும் அருகருகே நிற்கின்றன. இது நம்மை அடுத்த படிக்குக் கொண்டுபோகிறது.

9. வலுவை அளந்து பாருங்கள்

அகராதியில் திஸ்துர்பாரேக்குப் பக்கத்தில் மொலெஸ்தாரே இருக்கும். சும்மா ஒரு மாற்றத்துக்காக அதை எடுத்துப் போடாதீர்கள். அது துன்புறுத்தல், பாலியல் சீண்டலுக்கும் அதே வேர்தான். ‘நேற்று உங்களை மொலெஸ்தாரே செய்ததற்கு மன்னிக்கவும்’ என்று மின்னஞ்சல் எழுதினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

விடாமல் நச்சரிப்பதற்கு இம்பொர்துனாரே. கொஞ்சம் சலிப்புடன், வீட்டுப் பேச்சில் சொல்வதற்குச் செக்காரே. ‘நோன் ரோம்பெரே’ என்பதும் காதில் விழும். அது முரட்டுப் பேச்சு. புரிந்துகொள்ளுங்கள், சொல்லாதீர்கள்.

10. வாயில் வரவழைப்பது

‘டிஸ்டர்ப்’ சொல்லிப் பழகிய நாக்கு, இத்தாலியச் சொல்லிலும் ட போட்டு மடியும். இத்தாலியத்தில் நாக்கு பல்லைத் தொட வேண்டும். ட ஒலி கிடையாது. முதல் எழுத்தைப் ‘பந்து’வில் வரும் து போல அதிரச் சொல்லுங்கள். நடுவில் வரும் ‘து’, ‘பத்து’வில் வருவது போல. ‘பா’, ‘அம்பு’வில் வரும் பு போல. தமிழ் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டாது, ஆனால் தமிழ் வாய்க்கு இந்த ஒலிகள் எல்லாம் ஏற்கெனவே தெரியும்.

‘அவர்கள் தொந்தரவு செய்கிறார்கள்’ என்பது திஸ்தூர்பனோ. அழுத்தம் ‘தூர்’ மேல்தான். ‘பா’ மேல் போட்டு ‘திஸ்துர்பானோ’ என்று இழுப்பது பரவலான தவறு.

11. ஒரு பத்தியை முழுதாகச் செய்து பார்ப்போம்

ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்கள், மூன்றிலும் அதே வினை என்று வைத்துக்கொள்வோம். படித்துக்கொண்டிருந்தபோது அவளை யாரும் டிஸ்டர்ப் செய்யவில்லை. ஒரு குறுஞ்செய்தி அவளை டிஸ்டர்ப் செய்தது. தாள்களை டிஸ்டர்ப் செய்யாமல் எழுந்தாள்.

முதல் வாக்கியத்தில் செயப்படுபொருள் மனிதர், கலைந்திருக்கக்கூடியது வேலை. தமிழில் ‘தொந்தரவு செய்யவில்லை’. இரண்டாம் வேற்றுமை, பெண்பால். லா என்பதும் துணைவினையான ஆ என்பதும் ஒட்டி இங்கே ‘லா’ என்றே ஒலிக்கும். ‘நெஸ்ஸூனோ லா திஸ்துர்பாதா மேந்த்ரே ஸ்துதியாவா.’ எச்சத்தின் இறுதியில் ‘தா’ வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதிலும் மனிதர்தான். ஆனால் குறுஞ்செய்தி அவள் படிப்பில் குறுக்கிட்டதா, உள்ளத்தைக் கலக்கியதா? வாக்கியத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் முடியும். அடுத்த வாக்கியத்தில் அவள் எழுந்தே போய்விடுகிறாள்; ஆகவே கலங்கியிருக்கிறாள் என்று எடுத்துக்கொள்கிறேன். ‘ஊன் மெஸ்ஸாஜ்ஜோ லா துர்பாதா.’ வினையின் முதல் அசையை விட்டதுமே பொருள் படிப்பிலிருந்து நெஞ்சுக்கு இடம் மாறிவிட்டது.

மூன்றாவதில் தாள்கள். அவை இருந்த இடத்தில் அப்படியே இருந்தன. ‘சி ஏ அல்த்ஸாதா சேன்த்ஸா ஸ்போஸ்தாரே இ ஃபோல்யி.’ இங்கேயும் திஸ்துர்பாரே போட்டிருந்தால், உறங்கும் தாள்களை எழுப்பிவிடாமல் அவள் நுனிக்காலில் நடந்து போவது போல இருக்கும். கவிதைக்கு ஆகலாம்.

எழுதி முடித்ததும் ஆங்கில மூலத்தை மூடி வைத்துவிட்டு, இத்தாலிய வரிகளை வாய்விட்டுத் தமிழில் திருப்பிச் சொல்லுங்கள். எங்காவது ‘டிஸ்டர்ப்’ என்றுதான் சொல்ல வருகிறது, வேறு தமிழ்ச் சொல் அகப்படவில்லை என்றால், அந்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.